கழித்த படம் சுத்தமாக வந்துவிட்டது, ஆனால் கட்டி சிறுத்துவிட்டதே?

கடைசி_செமஸ்டர்:
வணக்கம். எம்.இ. பயோமெடிக்கல் படிக்கிற மாணவி. மார்பக எம்.ஆர்.ஐ. படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்துகிற ரெஜிஸ்ட்ரேஷன்தான் என் புராஜெக்ட். டியூக் பல்கலைக்கழகம் பொதுவில் கொடுத்திருக்கும் 922 நோயாளிகளின் தொகுப்பிலிருந்து 20 பேரை எடுத்திருக்கிறேன். கான்ட்ராஸ்ட் ஊசிக்கு முன் எடுத்த படத்தை, ஊசிக்குப் பின் எடுத்த படத்திலிருந்து கழித்தால் மருந்தை உறிஞ்சிய இடம் மட்டும் வெள்ளையாக நிற்க வேண்டும். இடையில் அந்த அம்மா கொஞ்சம் அசைந்திருந்தால் தோல், கொழுப்பு ஓரமெல்லாம் வெள்ளைக் கோடாக வந்து கட்டியோடு போட்டி போடுகிறது.

எலாஸ்டிக்ஸ் என்ற பொருத்தும் மென்பொருளில் பி-ஸ்ப்லைன் போட்டேன், அதாவது படத்தின்மேல் புள்ளிகளாலான ஒரு கட்டத்தை விரித்து, அந்தப் புள்ளிகளை நகர்த்திப் படத்தை வளைக்கிற முறை. கட்ட இடைவெளி 5 மி.மீ., பொருத்தத்தை அளக்க வித்தியாசங்களின் வர்க்கக் கூட்டல். கோடுகள் மாயமாகிவிட்டன. கைடுக்கு ஒரே சந்தோஷம், "இதையே ரிப்போர்ட்டில் போடு" என்றார். சும்மா ஒரு நோயாளிக்குக் கட்டியை அளந்து பார்த்தேன். பொருத்துவதற்கு முன் 14 மி.மீ., பொருத்திய பின் 12. எல்லாத் திசையிலும் அப்படித்தான். ஜேக்கோபியன், அதாவது ஒவ்வொரு இடத்திலும் கன அளவு எத்தனை மடங்காகிறது என்கிற எண், அந்த இடத்தில் சராசரியாக 1.6 காட்டுகிறது. 1-க்கு மேல் என்றால் விரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? விரிந்தது எப்படிச் சிறுக்கும்? வியாழக்கிழமை ரிவ்யூ, தலை சுற்றுகிறது.

பழைய_பிக்சல்:
நல்லவேளை அளந்தீர்கள். பாதிப் பேர் கோடு போனதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு அடுத்த அத்தியாயம் எழுதப் போய்விடுவார்கள். பல வருடம் முன்பு நானும் அப்படிப் போனவன்தான்.

முதலில் ஜேக்கோபியன். எலாஸ்டிக்ஸ் எந்தத் திசையில் நடக்கிறது என்பதில்தான் உங்கள் குழப்பம். அது அசையாத படத்தில் (ஊசிக்கு முன் எடுத்தது) ஒரு புள்ளியில் நின்றுகொண்டு, நகரும் படத்தில் (ஊசிக்குப் பின் எடுத்தது) அதற்கு ஜோடி எங்கே என்று தேடிப்போய், அங்கிருக்கிற வெளிச்சத்தை எடுத்துவந்து இங்கே வைக்கும். ஆகவே 1.6 என்றால், அசையாத படத்தின் 1 கன மி.மீ. இடத்துக்குள் நகரும் படத்தின் 1.6 கன மி.மீ. சரக்கைத் திணித்திருக்கிறது. ஊருக்குப் போகும்போது பெட்டியில் துணியை அமுக்குகிற மாதிரி. 14-ஐ 12-ஆல் வகுத்து மும்மடி ஆக்குங்கள், 1.59 வரும். உங்கள் ஸ்கேலும் ஜேக்கோபியனும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன.

ஏன் அமுக்குகிறது? அதற்கு மருந்து என்று ஒன்று ஏறியதே தெரியாது. எந்த வித்தியாசத்தைக் கண்டாலும் அசைவு என்றே நினைக்கும். பளிச்சென்று ஆகிவிட்ட கட்டிக்கு முதல் படத்தில் ஜோடி கிடையாது. வெள்ளை குறைந்தால் வர்க்கக் கூட்டல் குறையும், எனவே நாலா பக்கமும் நெருக்கிவிடுகிறது. 5 மி.மீ. கட்டம் போட்டதால் 14 மி.மீ. கட்டிக்குள்ளேயே கட்டுப்பாட்டுப் புள்ளிகள் போய் உட்கார்ந்திருக்கும், அமுக்க இன்னும் வசதி. மார்பகம் வளையும், நசுங்கும், இடம் மாறும். ஆனால் இரண்டு ஸ்கேனுக்கு நடுவில் கட்டியின் கன அளவு மூன்றில் ஒரு பங்கு கரையாது.

1999-இல் ரூக்கர்ட் குழு மார்பக எம்.ஆர்.ஐ.க்கு இந்த பி-ஸ்ப்லைன் முறையைக் கொண்டுவந்தபோதே நார்மலைஸ்டு மியூச்சுவல் இன்ஃபர்மேஷனைத்தான் (ஒரு படத்தின் வெளிச்சத்தை வைத்து மற்றதை எவ்வளவு ஊகிக்கலாம் என்கிற அளவு) அளவுகோலாக வைத்தார்கள். வெளிச்சம் மாறுவதை அது ஓரளவு தாங்கும். அதுவும் கட்டியைச் சுருக்கத்தான் செய்கிறது என்று 2003-இல் ரோல்ஃபிங் குழு காட்டி, ஒரு அபராதம் சேர்த்தார்கள்: ஜேக்கோபியனின் லாக் பூஜ்யத்தை விட்டு விலகினால் தண்டனை. லாக் எடுப்பதால் பாதியாவதற்கும் இரட்டிப்பாவதற்கும் ஒரே தண்டனை. நிஃப்டிரெக் என்ற இன்னொரு பொருத்தும் மென்பொருளில் அந்த மாதிரி அபராதம் உள்ளேயே இருக்கிறது, எடை கொடுத்தால் போதும். கட்டத்தை 20 மி.மீ.-இல் ஆரம்பித்து 10-இல் நிறுத்துங்கள்.

கட்டியை மாஸ்க் போட்டு மறைத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கட்டி எங்கே என்று முன்பே தெரிந்தால் நாம் எதற்கு?

ஸ்கேன்_அறை_அக்கா:
கம்ப்யூட்டர் சமாச்சாரம் எனக்குத் தெரியாதும்மா, ஸ்கேன் எடுக்கிறவள் நான். அசைவு எங்கே வருகிறது என்று மட்டும் சொல்கிறேன். குப்புறப் படுக்க வைத்து, மார்பகம் சிக்னல் பிடிக்கிற காயிலுக்குள் தொங்குகிற மாதிரி விடுவோம். ஊசி போகும்போது கையில் ஜில்லென்று ஏறும், உடனே தோளை இறுக்குவார்கள். அப்புறம் மெதுவாகத் தளரும், நெஞ்சுத் தசையும் கூடவே தளரும். அதனால் "இப்போது குளிரும், பயப்படாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அந்த ஒரு வார்த்தைக்கே பாதி அசைவு போய்விடும்.

இன்னொன்று. இரண்டு ஸ்கேனுக்கு நடுவில் அசைந்தால் நீங்கள் பொருத்திக்கொள்ளலாம். ஒரே ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கும்போது அசைந்தால் படம் உருவாகும்போதே பேய் மாதிரி இரட்டை விளிம்பு விழுந்துவிடும். அதைப் பொருத்திப் பயனில்லை.

பழைய_பிக்சல்:
அக்கா சொன்னதைத் தங்கமாக வைத்துக்கொள்ளுங்கள். எம்.ஆர்.ஐ. நேரடியாகப் படம் எடுப்பதில்லை, கே-ஸ்பேஸ் என்கிற அலைவெண் அட்டவணையை வரிசை வரிசையாக நிரப்பிவிட்டுக் கடைசியில் ஃபூரியே மாற்றம் என்ற கணக்கைப் போட்டுப் படமாக்குகிறது. நடுவில் அசைந்தால் சில வரிசை பழைய நிலை, சில வரிசை புது நிலை. அந்தப் பிழை படம் முழுக்கப் பரவிவிடும். உங்கள் 20 பேரில் அப்படி யாராவது இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் பி-ஸ்ப்லைன் பேயையும் துரத்திக்கொண்டு ஓடும்.

கடைசி_செமஸ்டர்:
நேற்று ராத்திரி ஓட்டினேன். அளவுகோலை மட்டும் மாற்றி 10 மி.மீ. கட்டம்: கட்டி 13. நிஃப்டிரெக்கில் அபராதமும் சேர்த்தபின் 13.8, ஜேக்கோபியன் 1.04. ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. இரட்டை விளிம்பு இரண்டு பேருக்கு இருக்கிறது, ஒதுக்கிவிட்டேன். ஒரே தொல்லை, அக்குள் பக்கம் ஒரு வெள்ளைக் கோடு திரும்ப வந்துவிட்டது. கைடு முதலில் அதைத்தான் கேட்பார்.

பழைய_பிக்சல்:
கேட்கட்டும். பழைய படம், புதுப் படம், நடுவில் இரண்டின் ஜேக்கோபியன் வரைபடம், மூன்றையும் ஒரே ஸ்லைடில் வையுங்கள். பழைய வரைபடத்தில் கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் சிவப்பாக ஒரு திட்டு தெரியும். கோட்டைப் பற்றிக் கேட்டால் அந்தத் திட்டைக் காட்டுங்கள். மீதி 18 பேருக்கும் முன் பின் அளவை ஒரு அட்டவணையாகப் போட மறந்துவிடாதீர்கள்.