அடையாறு முகத்துவார மணலில் முட்டைகள்: என்ன செய்யலாம்?

நண்பர்களே, பறவைகளைப் பற்றித் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

இன்று காலை அடையாறு கடலில் சேரும் இடத்துக்குப் போயிருந்தேன். 1977-இல் இடிந்து, 'உடைந்த பாலம்' என்றே பெயராகிவிட்ட பாலத்துக்குத் தெற்கே, ஊரூர் குப்பம் பக்கம். மழை இல்லாததால் மணல்திட்டு வளர்ந்து ஆற்றின் வாயைப் பாதிக்கு மேல் அடைத்திருக்கிறது. அந்தத் திட்டில்தான் மூன்று முட்டைகள். கூடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. உள்ளங்கை அளவு குழி, சுற்றிலும் கிளிஞ்சல் துண்டுகள். முட்டைகள் மணல் நிறத்தில் கரும்புள்ளிகளோடு இருந்ததால் இன்னும் ஓரடி வைத்திருந்தால் மிதித்திருப்பேன்.

தாய்ப்பறவை சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்க இறக்கையை ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டு என்னைத் திசைதிருப்ப ஓடியது. பார்க்கவே பாவமாக இருந்தது, உடனே விலகிவிட்டேன். உப்புக்கொத்தி என்ற சிறு கரைப்பறவை வகை என்பது வரை தெரிகிறது. ஆனால் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இல்லை, மார்புப் பட்டையும் நடுவில் விட்டுப்போயிருந்தது. அப்படியானால் பட்டாணி உப்புக்கொத்தி இல்லைதானே? வேறு எது?

அதைவிட முக்கியமான கேள்வி. அந்த வழியாக நாய்களும் பைக்குகளும் போகின்றன. சுற்றிக் கல் வைத்தால் காக்கைக்கு அடையாளம் காட்டியதாகிவிடுமோ என்று பயம். வனத்துறையிடம் சொல்வதா, குப்பத்துப் பெரியவர்களிடம் பேசுவதா? இதற்கு முன் இப்படிக் காத்தவர்கள் யாராவது இருந்தால் இன்றே சொல்லுங்கள். சரியான இடத்தைப் பொதுவில் போடவில்லை, தனியாகக் கேளுங்கள்.