கையில கட்டுற டைவ் கம்ப்யூட்டர்: பாண்டி, ஹேவ்லாக் டைவுக்கு எது வாங்கலாம்?

அலைவாய்க்காரி:

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் பாண்டியில ஸ்கூபா டைவிங்ல ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடிச்சேன், அப்புறம் அந்தமான்ல ஹேவ்லாக் போய் அட்வான்ஸ்டும் முடிச்சாச்சு, மொத்தம் 19 டைவ் ஆகுது. வீட்டுக்காரரும் கூடவே டைவ் பண்றார். எவ்வளவு ஆழத்துல இருக்கோம், இன்னும் எவ்வளவு நேரம் அங்க இருக்கலாம்னு காட்டுற டைவ் கம்ப்யூட்டர், இதுவரைக்கும் ஷாப்ல குடுக்குறதைத்தான் கட்டிக்கிட்டு இறங்கினோம், ஆனா போன ட்ரிப்ல ஒரு விஷயம் நடந்துச்சு, அதுல இருந்து சொந்தமா ஒண்ணு வாங்கியே ஆகணும்னு இருக்கேன்.

போட்ல போய்க்கிட்டு இருக்கும்போது பக்கத்துல உக்காந்திருந்த வேற குரூப் இன்ஸ்ட்ரக்டர் என் மணிக்கட்டைப் பார்த்துட்டு, நைட்ராக்ஸா (ஆக்சிஜன் கூடுதலா கலந்த காத்து) எடுத்திருக்கீங்கன்னு கேட்டார். இல்ல சார், சாதா ஏர்தான்னேன். ஸ்க்ரீன் ஓரத்துல பொடி எழுத்துல 36னு, அதாவது 36 சதவீதம் ஆக்சிஜன்னு, இருந்ததைக் காட்டினார். எனக்கு முன்னாடி வாடகைக்கு எடுத்தவங்க யாரோ வச்சது, மாத்தாம அப்படியே என் கைக்கு வந்திருக்கு. அவரே பட்டனை அமுக்கி சாதா காத்தோட 21க்கு மாத்திக் குடுத்தார். ஆனா முந்தின நாள் ரெண்டு டைவுக்கும் அதே கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டுதான் 25 மீட்டர் வரைக்கும் போயிட்டு வந்திருக்கேன். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

கேள்வி என்னன்னா, க்ரெஸ்ஸி லியோனார்டோ, சுன்டோ ஜூப் நோவோ, ஷியர்வாட்டர் பெரிக்ரின், இந்த மூணுல எது? எப்பவும் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இறங்குறோம், அதனால ஒண்ணு வாங்கினா போதாதான்னு வீட்டுக்காரர் கேக்குறார். அவர்கிட்ட ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா ஏற்கனவே இருக்கு, அது போதுமா? சிலிண்டர் பிரஷரையும் கையிலயே காட்டுறது இருக்காமே, அது தேவையா? பிப்ரவரியில திரும்ப ஹேவ்லாக் போறோம், அதுக்குள்ள வாங்கணும்.

நெடுங்கடல்:

சிஸ்டர், நான் அந்தமான்ல 9 வருஷமா டைவ் சொல்லிக்குடுக்குறேன். முதல்ல அந்த 36 மேட்டர். ஆழத்துல இழுக்குற காத்துல இருந்து நைட்ரஜன் உடம்புல சேரும், அளவுக்கு மேல சேர்ந்து மேல வந்தா குமிழியாகி மூட்டையும் நரம்பையும் அடிக்கும். நிறைய பேர் டைவ் கம்ப்யூட்டர் நம்ம உடம்புல எவ்வளவு நைட்ரஜன் சேர்ந்திருக்குன்னு அளந்து சொல்லுதுன்னு நினைக்கிறாங்க. அது உடம்பைத் தொடவே இல்ல. உள்ள இருக்குறது ஒரு பிரஷர் சென்சார், ஒரு கடிகாரம், ஒரு கணக்கு, அவ்வளவுதான். நீங்க என்ன காத்தை இழுக்குறீங்கன்னு நீங்கதான் அதுக்குச் சொல்லணும். 36னு வச்சா, மூச்சுல 64 சதவீதம்தான் நைட்ரஜன் போகுதுன்னு அது நம்பிடும், நீங்க இழுத்ததோ 79. 25 மீட்டர்ல பிரஷர் மூணரை மடங்கு, அதை வச்சுப் போட்டுப் பாத்தீங்கன்னா நீங்க நின்னது 25 மீட்டர், கம்ப்யூட்டர் கணக்கு போட்டது 18 மீட்டர் சொச்சத்துல நிக்கிற மாதிரி. கோர்ஸ்ல குடுக்குற டேபிள்ல நோ டெகோ டைம், அதாவது வழியில நிக்காம நேரா மேல வர்ற மாதிரி கீழ இருக்கக்கூடிய நேரம், 25 மீட்டருக்கு 29 நிமிஷம், 18 மீட்டருக்கு 56 நிமிஷம். வித்தியாசம் எவ்வளவுன்னு பாருங்க. உங்க டைவ் சின்னதா இருந்ததால தப்பிச்சிருக்கீங்க. அதனால சொந்தமா வாங்குங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன், விலை கம்மியா இருந்தாலும் பரவால்ல, அது எந்த செட்டிங்ல இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்ல.

ரெண்டு பேருக்கு ஒண்ணு, வேண்டவே வேண்டாம். ஒண்ணா இறங்கினாலும் ஒருத்தர் பவளத்துக்குக் கீழ எட்டிப் பாக்குறதும் ஒருத்தர் மேல நின்னு போட்டோ எடுக்குறதும் நடக்கும், அந்த ரெண்டு மூணு மீட்டர் ஒவ்வொரு டைவுக்கும் சேர்ந்துக்கிட்டே போகும். அதைவிட, நேத்து நீங்க கட்டினதை இன்னைக்கு அவர் கட்டினா, அதுக்குள்ள இருக்குறது உங்க நேத்தைய கணக்கு. அவருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

இப்ப கணக்கு எப்படி ஓடுதுன்னு கொஞ்சம் சொல்றேன், வாங்கும்போது உதவும். பெரும்பாலான கம்ப்யூட்டர்ல ஓடுறது சூரிக்ல இருந்த ப்யூல்மான்ங்கிற டாக்டர் போட்ட கணக்கு, இல்லன்னா ஆர்ஜிபிஎம்னு ஒண்ணு. ப்யூல்மான் கணக்குல உடம்பை 16 பாகமாப் பிரிச்சு வச்சிருக்கு. அவல் தண்ணியில போட்டா ரெண்டு நிமிஷத்துல ஊறிடும், கொண்டைக்கடலை ராத்திரி பூரா ஊறணும் இல்லையா, அந்த மாதிரி. சில பாகம் 5 நிமிஷத்துல பாதி நிரம்பும், கடைசி பாகம் பாதி நிரம்ப 635 நிமிஷம். ஊறுறதுக்கு நேரம் ஆகுறது வடியறதுக்கும் நேரம் எடுக்கும். அதனாலதான் ஹேவ்லாக்ல நாளுக்கு ரெண்டு மூணுன்னு தொடர்ந்து நாலு நாள் இறங்குறவங்களுக்கு கடைசி நாள் நோ டெகோ டைம் குறைச்சலா காட்டும். கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு அதை நினைக்காதீங்க, கொண்டைக்கடலை இன்னும் வடியல, அவ்வளவுதான்.

மாடலுக்கு வர்றேன். லியோனார்டோ ஒரே பட்டன், எழுத்து பெருசு, பேட்டரி நாமளே மாத்திக்கலாம். 200லிருந்து 300 டாலருக்குள்ள ஆரம்பிக்கிறவங்களுக்கு அதைத்தான் சொல்லுவேன். ஜூப் நோவோவும் நல்ல உழைப்பாளி, ஆனா சுன்டோ கணக்கு கொஞ்சம் பயந்த சுபாவம், அடுத்தடுத்து டைவ் போட்டா மத்தவங்களைவிட சீக்கிரமா மேல வரச் சொல்லும். அது தப்பில்ல, ஆனா கூட இறங்குறவர்கிட்ட வேற கணக்கு ஓடுற கம்ப்யூட்டர் இருந்தா யாருக்குக் குறைச்சலா காட்டுதோ அதைத்தான் ரெண்டு பேரும் கேக்கணும். பெரிக்ரின் 500 டாலர் பக்கம் வரும், கலர் ஸ்க்ரீன், எவ்வளவு ஜாக்கிரதையா கணக்கு போடணும்னு நாமளே மூணு நிலையில வச்சுக்கலாம்.

சிலிண்டர் பிரஷர் காட்டுற வசதி இந்த மூணுலயும் கிடையாது. 19 டைவுக்கு இப்ப வேண்டாம். டிரான்ஸ்மிட்டர் தனியா வாங்கணும், அதோட விலைக்கே இன்னொரு சின்ன கம்ப்யூட்டர் வந்துடும். கேஜை கையில எடுத்துப் பாக்குற பழக்கம் முதல்ல உறுதியாகட்டும்.

பச்சைத்தண்ணி:

நெடுங்கடல் சொன்னதெல்லாம் சரி, நான் ஸ்க்ரீன் பத்தி மட்டும் சொல்றேன். எனக்கு வயசு 52, வெள்ளெழுத்து. பாண்டியில டைவ் பண்றவங்களுக்குத் தெரியும், அந்தமான் மாதிரி கண்ணாடித் தண்ணி இங்க எல்லா நாளும் கிடைக்காது, பாதி நாள் பச்சையா கலங்கலாத்தான் இருக்கும், 18 மீட்டர்ல வெளிச்சமும் குறைஞ்சிடும். நான் முதல்ல வச்சிருந்தது ஒரு பழைய வாட்ச் சைஸ் கம்ப்யூட்டர், பாக்க அழகா இருக்கும், கட்டிக்கிட்டே ஆபீஸ் போகலாம். ஆனா கீழ போய் பாத்தா மூணு நம்பர் தெரியுது, எது ஆழம், எது நேரம், எது மிச்ச நோ டெகோ டைம்னு புரியல. கையை மாஸ்க்கு கிட்ட கொண்டு வந்தா இன்னும் மங்கலா ஆகுது, தள்ளிப் பிடிச்சா சின்னதா ஆகுது. ஒரு தடவை 14னு பாத்துட்டு இன்னும் 14 நிமிஷம் இருக்குன்னு நிம்மதியா இருந்தேன், அது ஆழம்! நோ டெகோ பக்கத்துல 5னு இருந்திருக்கு. கூட வந்த பொண்ணு டார்ச் அடிச்சுக் காட்டினப்பதான் தெரிஞ்சுது.

அதுக்கப்புறம் பெரிக்ரின் வாங்கிட்டேன், 2.2 இஞ்ச் ஸ்க்ரீன், எச்சரிக்கை வந்தா மஞ்சள், சிவப்புன்னு கலரே மாறுது, கண்ணாடி இல்லாமலே படிக்க முடியுது. ஆனா ரெண்டு விஷயம் தெரிஞ்சு வாங்குங்க. சத்தம் போடாது, வைப்ரேஷன் மட்டும்தான். ரெண்டாவது, சார்ஜ் பண்ற பேட்டரி, நடுவாந்திர வெளிச்சத்துல 30 மணி நேரம்னு கம்பெனி சொல்றது, எனக்கு ஒரு ட்ரிப்புக்கு தாராளமா வருது, ஆனா முந்தின ராத்திரி மறக்காம சார்ஜ் போடணும். லியோனார்டோவுக்கு 2430 பேட்டரி, நம்ம ஊர் கடையில 2032 கேட்டா உடனே எடுத்துத் தருவாங்க, 2430க்கு ரெண்டு கடை ஏறி இறங்கணும், அதனால ரெண்டு பேட்டரி முன்னாடியே வாங்கி பையில போட்டுக்குங்க. மாத்தும்போது அந்த ரப்பர் ஓ ரிங்ல ஒரு முடி, ஒரு மணல் இருந்தாக்கூட தண்ணி உள்ள போயிடும். விரல் நுனியில தடவிப் பாத்துட்டு, சிலிக்கான் க்ரீஸ் லேசா பூசி மூடுங்க.

வாங்குறதுக்கு முன்னாடி கடையில லைட்டை அணைக்கச் சொல்லி, கை எட்டுற தூரத்துல வச்சுப் படிச்சுப் பாருங்க.

அலைவாய்க்காரி:

ரொம்ப நன்றி அண்ணா, ரெண்டு பேருக்கும். 18 மீட்டர்னு கணக்கு போட்டிருக்குன்னு படிச்சப்ப கை கால் உதறிடுச்சு, வீட்டுக்காரரையும் படிக்க வச்சேன், ஒண்ணு போதும்ங்கிற பேச்சை இப்ப விட்டுட்டார். ஆனா ஆப்பிள் வாட்ச் போதுமாங்கிறதுக்கு பதில் வரல. இன்னொண்ணு, பாண்டியில சனி ஞாயிறு டைவ் முடிச்சுட்டு திங்கக்கிழமை ஊட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகணும், கார்லதான். ஃப்ளைட்னா டைவ் முடிஞ்சு 18 மணி நேரம் காத்திருக்கணும்னு தெரியும், மலைக்கும் அது உண்டா?

திருமலைத்தம்பி:

வணக்கம் அக்கா, நான் திருகோணமலை. உங்கட கேள்வியைப் பாத்திட்டு எழுதாம இருக்க மனம் வரேல்ல.

எங்கட பக்கத்தில சங்கு குளிக்கப் போறவை, கடலட்டை பிடிக்கப் போறவை கனபேர் சிலிண்டர் போட்டுத்தான் இறங்குறவை. கம்ப்யூட்டர் எண்டு ஒண்டும் கையில இருக்காது. ஒரு சிலிண்டர் முடிய மேல வந்து, அடுத்ததை மாட்டிக்கொண்டு திரும்ப இறங்குறது, ஒரு நாளைக்கு அப்பிடி மூண்டு நாலு தரம். என்ர மாமா ஒருத்தர் அப்பிடித்தான் போனவர். ஒரு நாள் கரைக்கு வந்து சாப்பிட இருக்கேக்க தோள்மூட்டு கடுக்குது எண்டார், பாரம் தூக்கினதால எண்டு எண்ணெய் போட்டு உருவினவை. விடிய எழும்பேக்க ரெண்டு காலும் விளங்கேல்ல. இப்ப தடி ஊண்டித்தான் நடக்கிறார். நான் டைவ் பழகப் போறன் எண்டு சொன்னப்ப அவர் மறிக்கேல்ல, ஆனா அந்தக் கணக்கு பாக்கிற சாமானை வாங்காம இறங்காதை எண்டு மட்டும் சொன்னவர்.

நான் வச்சிருக்கிறது ஜூப் நோவோ, ஆறு வருசமாகுது. பெரிய சாமான், கையில கட்டினா வடிவா இருக்காது, ஆனா ஒரு நாளும் பிழை விடேல்ல. அது பயந்த சுபாவம் எண்டு அண்ணை சொன்னது உண்மை, எனக்கு அந்தப் பயம் பிடிக்கும். ஒண்டு மட்டும் கவனம், டெகோ ஸ்டாப் (மேல வாற வழியில நிண்டு நைட்ரஜனை வெளிய விடுறது) காட்டேக்க அதை விட்டிட்டு மேல வந்தா 48 மணித்தியாலத்துக்கு அது கணக்குப் பாக்காது, பூட்டிப் போடும். ஷியர்வாட்டர் பூட்டாது. பூட்டினா வேற ஒண்டை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு இறங்குற ஆக்களும் இருக்கினம், அதை மட்டும் செய்யாதீங்கோ அக்கா. புதுசா கட்டினதுக்கு உங்கட உடம்பில இருக்கிறது ஒண்டும் தெரியாது.

நெடுங்கடல்:

திருமலைத்தம்பி, மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. தோள்மூட்டு வலின்னு எண்ணெய் போட்டு உருவுறது எங்க பக்கமும் நடக்குது. டைவ் முடிஞ்சு வந்து மூட்டு வலி, மரமரப்பு, தோல்ல புள்ளி புள்ளியா எது வந்தாலும் உடனே ஆக்சிஜன் குடுத்து டாக்டர்கிட்ட போகணும். விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது.

சிஸ்டர், ஊட்டிக்கு வர்றேன். கட்டாயம் உண்டு. ஃப்ளைட்டுக்குள்ள காத்தழுத்தம் அதிகபட்சம் 2,400 மீட்டர் உயர மலையில இருக்குற அளவுக்குக் குறையலாம். ஊட்டி 2,240 மீட்டர். உடம்புக்கு ரெண்டும் ஒண்ணுதான், கார்ல போனாலும் சரி. ஒரே ஒரு டைவ்னா 12 மணி நேரம், பல டைவ்னா 18, இதுதான் குறைஞ்சபட்சம், நான் 24 சொல்லுவேன். ஞாயிறு மதியத்தோட டைவை முடிச்சுக்குங்க, திங்கள் காலையில கிளம்பினா மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது மணி மூணு நாலு ஆயிருக்கும், போதுமான இடைவெளி. ஆனா கம்ப்யூட்டர்ல ஃப்ளைட் போகாதேன்னு ஓடுற கவுண்ட்டவுன் முடிஞ்சிருக்கான்னும் பாத்துக்குங்க.

ஆப்பிள் அல்ட்ரா, ஓஷனிக் ப்ளஸ் ஆப் போட்டா நிஜமான டைவ் கம்ப்யூட்டர்தான், அதுலயும் ப்யூல்மான் கணக்குதான். 40 மீட்டர் வரைக்கும்தான், நம்ம டைவுக்கு அது போதும். ஸ்கூபா வசதிக்கு சந்தா கட்டணும். கீழ டச் ஸ்க்ரீன் வேலை செய்யாது, பட்டனும் கிரவுனும்தான், அதைக் கரையிலயே பழகிக்கணும். என் கவலை வேற. பகல் பூரா போன் கால், மெசேஜ்னு ஓடின வாட்ச், ரெண்டாவது டைவுக்கு இறங்கும்போது 30 சதவீதம் சார்ஜ்ல நிக்கும். அவர் அதைத்தான் கட்டுவார்னா போட்ல ஏறுறப்ப முழு சார்ஜ் இருக்கணும், சந்தா தேதியை ஊர்லயே பாத்துட்டு வரணும், ஹேவ்லாக்ல நெட்டை நம்ப முடியாது.

எதை வாங்கினாலும் பெட்டியைப் பிரிச்ச அன்னைக்கே ப்ளான் மோடுல போய் 12, 18, 25, 30 மீட்டருக்கு எவ்வளவு நேரம் காட்டுதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. அப்புறம் போட்ல உக்காந்து ஏர் 21ஆன்னு பாக்குறது உங்க பழக்கமா ஆகட்டும், சொந்தக் கம்ப்யூட்டரா இருந்தாலும்.

அலைவாய்க்காரி:

ஞாயிறு ரெண்டாவது டைவை விட்டுடுறோம், காலை டைவோட முடிச்சுக்குறோம்.

கடைக்குப் போய் லைட்டை அணைக்கச் சொல்லிப் பாத்தோம் அண்ணா, கடைக்காரர் சலிச்சுக்காம அணைச்சார். எனக்கு லியோனார்டோ நல்லாவே தெரியுது, அதையே எடுத்துட்டேன், கூட ரெண்டு 2430. அவருக்கு 46, கையைத் தள்ளித் தள்ளிப் பிடிச்சுப் பாத்தார், பெரிக்ரின்தான் ஒழுங்கா படிக்க முடிஞ்சுது, அதனால அவருக்கு அது. பட்ஜெட் எகிறிடுச்சு, டிசம்பர்ல வாங்கலாம்னு இருந்த ஃபின்ஸை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிட்டோம். ரெண்டுலயும் நேரத்தை எழுதி ஒப்பிட்டுப் பாத்தோம், ஒவ்வொரு ஆழத்துக்கும் வேற வேறயா காட்டுது, குறைச்சலா இருக்குறதை சிவப்பு பேனால வட்டம் போட்டு வச்சிருக்கோம்.