ஸ்டெல்வியோ ஏறக் கூப்பிடுகிறார் அத்தான்: கொழும்பில் இருந்துகொண்டு எப்படிப் பழகுவது?

வெள்ளவத்தைச் சில்லு:
வணக்கம். ஜூலையில் அக்கா வீட்டுக்கு சுவிஸ் போகிறேன். அத்தான் ஒரு சைக்கிள் பைத்தியம். எல்லையைத் தாண்டினால் இத்தாலியில் ஸ்டெல்வியோ கணவாய், வா ஏறுவோம் என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார், நானும் வாய்க்கொழுப்பில் சரி என்றுவிட்டேன். பிறகுதான் தேடிப் பார்த்தேன்: அடிவாரத்து ஊரான பிராட்டோவில் இருந்து 24 கி.மீ. சொச்சம், 48 கொண்டை ஊசி வளைவு, உச்சி 2,757 மீற்றர். எங்கள் பிதுருதலாகல மலையே 2,524 தான்! நான் வாரத்தில் நான்கு நாள் விடிய ஐந்து மணிக்கு மரைன் டிரைவில் 40 கி.மீ. சைக்கிள் ஓடுவேன், ஏற்றம் என்று கண்டது தெஹிவளை மேம்பாலம் மட்டும். கியர்ச் சக்கரங்கள் முன்னுக்கு 50/34 பல், பின்னுக்கு 11-28 பல். வயது 41, எடை 78. நடக்கிற காரியமா, இல்லை முழங்கால் வலி என்று சொல்லித் தப்பிவிடட்டுமா?

கடுகண்ணாவை:
நடக்கும் தம்பி, ஆனால் அந்த 28 பல்லோடு வேண்டாம். மணிக்கு 8 கி.மீ. வேகத்தில்தான் ஏறப் போகிறீர்கள், முன்னுக்கு 34, பின்னுக்கு 28 என்றால் அது நிமிடத்துக்கு ஐம்பது பெடல் சுற்றுச் சொச்சம். பின்னுக்கு 34 பல் போட்டால் அறுபதைத் தாண்டும். கேட்க அற்ப வித்தியாசம்தான், மூன்று மணி நேரம் மிதித்த பிறகு முழங்கால் சொல்லும். உங்கள் டெரெய்லர் (செயினைக் கியர் மாற்றும் பாகம்) 34ஐத் தாங்குமா என்று முதலில் கடையில் கேளுங்கள், செயினும் நீட்ட வேண்டி வரலாம்.

1820களில் குதிரை வண்டிகள் போக அமைத்த றோட்டு அது, அதனால் பயங்கரமான குத்தேற்றம் குறைவு, சராசரி 7.4 வீதம். நான் 2018இல் ஏறினேன். தொடக்கத்தில் வளைவே இல்லை, ஆற்றோரமாக றோட்டு சும்மா போகும், காலும் லேசாக இருக்கும், அங்கேதான் நான் ஏமாந்தேன். வளைவுகளுக்கு இலக்கம் உண்டு, கீழே 48இல் தொடங்கி உச்சியில் 1. டிராஃபோய் கிராமம் கழிந்து மரங்கள் முடிகிற இடத்தில் மீதி மலை முழுவதும் ஒரேயடியாகக் கண்ணுக்கு முன்னால் நிற்கும், மதிலில் நூலைத் தொங்கவிட்டது மாதிரி. இன்னும் இருபது வளைவு மிச்சம். சைக்கிளைச் சாத்திவிட்டு, ஒரு மாலுபாண் கிடைக்காதா என்று இருந்துவிட்டேன். போதாக்குறைக்கு உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குகூட இல்லை, மூச்சு வாங்கினால் பயப்படாதீர்கள்.

தேத்தண்ணி அக்கா:
மொத்த ஏற்றம் 1,800 மீற்றர், அதாவது தாமரைக் கோபுரத்தை ஐந்து தடவை அடுக்கினாலும் கொஞ்சம் குறையும். நாங்கள் மரைன் டிரைவில் மிதிக்கிறோம், விடுகிறோம், சைக்கிள் தானே உருளும். ஏற்றத்தில் மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிளும் நின்றுவிடும், அந்தப் பழக்கம்தான் எங்களிடம் இல்லை. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுப் பிடித்ததும் தெஹிவளைப் பக்கம் பார்த்து எதிர்காற்றில் ஒரு மணி நேரம் விடாமல் மிதித்துப் பாருங்கள், ஓரளவு கிட்ட வரும். ஆனால் உண்மையான மருந்து மலைநாடுதான் தம்பி. கம்பளையில் இருந்து ரம்பொடை வழியாக நுவரெலியா, குறைந்தது மூன்று தடவை. முதல் தடவை அழுகை வரும், எனக்கு வந்தது.

பிரேக் கட்டை:
எல்லோரும் ஏற்றத்தையே கதைக்கிறீர்கள். இறக்கத்தை யோசித்தீர்களா? வியர்வையில் நனைந்த உடம்போடு 2,700 மீற்றரில் நின்றுவிட்டு அப்படியே இறங்கினால் விரல் விறைத்து பிரேக் பிடிக்க வராது. ஜூலையிலும் அங்கே பனி கொட்டலாம். காற்றுப் புகாத ஜாக்கெட், முழுக் கையுறை இரண்டும் முதுகுப் பையில் இருக்கட்டும். அங்கே வலப்பக்கம்தான் ஓட வேண்டும், களைப்பில் பழக்கதோஷத்தில் இடப்பக்கம் இழுபட்டீர்கள் என்றால் வளைவில் எதிரே மோட்டார் சைக்கிள் வரும், வார இறுதியில் அவர்கள் கூட்டம் சொல்லி வேலையில்லை. வாடகைச் சைக்கிள் என்றால் இன்னொன்று: அங்கே பெரும்பாலும் இடது கைப் பிரேக்தான் முன் சில்லுக்கு. பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்காதீர்கள், வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு விடுங்கள். அத்தானிடம் உம்பிரைல் கணவாய் வழியாக இறங்கக் கேளுங்கள், நேரே சுவிசுக்குள் சாந்தா மரியாவுக்கு வரும். பாஸ்போட்டைப் பையில் வையுங்கள்.

வெள்ளவத்தைச் சில்லு:
எல்லோருக்கும் நன்றி. 34 பல்லுக்குச் சொல்லி வைத்துவிட்டேன், முழங்கால் கதையைக் கைவிட்டாயிற்று. கையுறை கேட்டால் கடைக்காரர் மோட்டார் சைக்கிள் கையுறையைத்தான் எடுத்துத் தந்தார், கொழும்பு வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு விரலை மடக்கி மடக்கிப் பார்த்தேன், ஒருமாதிரியாகப் பார்த்தார். சனிக்கிழமை ரம்பொடைக்குப் போகிறேன். வான் வண்டியில் இன்னும் இரண்டு சைக்கிளுக்கு இடம் இருக்கிறது, அக்கா வருகிறீர்களா?