சிடி பிளேயர்: லேசர் மாற்றலாமா, டிஏசி பக்கம் போகலாமா?

வணக்கம். 90களில் வந்த ஜப்பான் சிடி பிளேயர், உள்ளே வட்டைப் படிக்கும் கேஎஸ்எஸ்-213சி லேசர். இரண்டு மாதமாக முதல் பாடல்கள் சுத்தமாக ஓடுகின்றன, வட்டின் விளிம்பை நெருங்கும் கடைசிப் பாடல்களில் திக்குகிறது. லென்ஸை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தாயிற்று. லேசர் நகரும் ஸ்லெட் தண்டில் காய்ந்திருந்த கிரீஸை வழித்துப் புதிது போட்டும் மாற்றமில்லை. அதே வட்டுகள் வேறு பிளேயரில் ஒழுங்காக ஓடுகின்றன.

மாற்று வழியாக, டிவிடி பிளேயரிலிருந்து கோஆக்சியல் டிஜிட்டல் கேபிளில் ஒரு டிஏசிக்கு (டிஜிட்டல் சிக்னலை அனலாக் ஒலியாக மாற்றும் கருவி) கொடுத்து ஒப்பிட்டேன். சத்தம் ஒரு இழை கூடினாலே காது அதைத்தான் நல்ல ஒலி என்று எடுத்துக்கொள்ளும். அதனால் 1 கிலோஹெர்ட்ஸ் டோன் வட்டைப் போட்டு மல்டிமீட்டரில் அளந்தேன்: சிடி பிளேயர் 2.0 வோல்ட், டிஏசி 1.7. கிட்டத்தட்ட 1.4 டெசிபல். அதைச் சமன் செய்ததும் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஒரே உறுத்தல், டிஏசி திரையில் சாம்ப்ளிங் விகிதம் சிடிக்குரிய 44.1 கிலோஹெர்ட்ஸுக்குப் பதில் 48 என்று வருகிறது. டிவிடி பிளேயர் மாற்றி அனுப்புகிறது, மெனுவில் அதை நிறுத்த வழியில்லை.

இருப்பது சென்னை. ரிச்சி தெருவில் லேசர் கிடைக்கிறது, புதிதா கழற்றியதா என்பது பார்த்தால் தெரிவதில்லை. பொருத்திய பின் நிலைமின்சாரத்திலிருந்து லேசரைக் காக்கும் ஆன்டிஸ்டேட்டிக் ஈயப்பொட்டை எடுக்கத் தெரியும்.

லேசருக்குச் செலவு செய்வது தகுமா, 44.1ஐ அப்படியே அனுப்பும் டிவிடி பிளேயரைத் தேடுவது மேலா?