350 வாட்டுக்கு மேல போனா ஒரு பக்க மாஸ்ஃபெட் மட்டும் ஷார்ட் ஆகுது

வணக்கம்ங்க. பல்லடம் பக்கம் ஒரு தறிக்குடோன்ல ஓடுற 12 வோல்ட் புஷ்-புல் இன்வெர்ட்டர் (ஏ, பின்னு ரெண்டு பக்கமும் மாறி மாறி ஓடுறது). கேட்டை ஓட்டுறது எஸ்ஜி3525 ஐசி, 50 ஹெர்ட்ஸ், பக்கத்துக்கு மூணு ஐஆர்எஃப்3205 மாஸ்ஃபெட் (கரண்டை ஆன்-ஆஃப் பண்ற சுவிட்ச்), கேட்டுக்குத் தனித்தனியா 10 ஓம். டிரான்ஸ்ஃபார்மர் ஆடி மாசம் ரீவைண்டிங் பண்ணினது, பிரச்சனையும் அப்போ இருந்துதான்.

200 வாட் வரைக்கும் அலுங்காம ஓடுது. 350 தாண்டினா பி பக்கம் கொதிச்சு, ட்ரெயின்-சோர்ஸ் ஷார்ட்.

மாஸ்ஃபெட் டூப்ளிகேட் இல்லீங்க: கேட்டுக்கு 10 வோல்ட் குடுத்து 5 ஆம்ப் விட்டா 37 மில்லிவோல்ட்தான் விழுது, 8 மில்லிஓமுக்குள்ளதான். கேட் அலை ரெண்டு பக்கமும் 11 வோல்ட், டெட் டைமும் (ரெண்டு பக்கமும் ஆஃப்ல இருக்குற இடைவெளி) சரி. ஆனா ஆஃப் ஆகுற நேரத்துல பி ட்ரெயின்ல ஸ்பைக் 58 வோல்ட் வரை ஏறுது. ஏ பக்கம் 36தான். இந்த 3205 தாங்குறதே 55 வோல்ட். பிரைமரி முனை ரெண்டையும் மாத்திப் போட்டா சூடு ஏ பக்கம் வந்துருது, அதனால கேட்டை ஓட்டுற டிரைவர் சர்க்யூட் மேல சந்தேகம் இல்ல. 10 ஓம், 10 நானோஃபாரட் ஸ்னப்பர் (ஸ்பைக்கை அடக்குற ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர்) போட்டும் ஸ்பைக் 52க்குக் கீழ இறங்கல.

100 வோல்ட் ஐஆர்எஃப்பி4110 மாத்தினா போதுமா, இல்ல பிரைமரி ரெண்டு பாதியையும் ஜோடிக் கம்பியா சேர்த்துத் திரும்பச் சுத்தினாத்தான் தீருமாங்க?