"நாட்டுக்கு என்ன வேணும்?" என்று கேட்டபோது கிடைத்த பதில்கள்: சுங்கை சிப்புட்காரர்கள் பகிரலாம்

போட்டோஸ்டாட் மாமா

போன வாரம் அக்கா மகள் ஒரு வீட்டுப்பாடத்தோடு வந்து நின்றாள். ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். செப்டம்பர் 16 மலேசியா தினம் வருகிறதல்லவா, பெரியவர்கள் மூன்று பேரிடம் போய் "நம் நாடு இன்னும் நல்லா இருக்க என்ன வேண்டும்?" என்று கேட்டு எழுதிவரச் சொல்லியிருக்கிறார் ஆசிரியர். முதல் பலி நான். ஊழல் ஒழிய வேண்டும், ஒற்றுமை வளர வேண்டும் என்று மேடைப் பேச்சாகத்தான் வாயில் வந்தது. "இத எல்லாரும் எழுதுவாங்க மாமா" என்று முகத்தைச் சுளித்தாள். சரி வா என்று மோட்டாரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

ஒட்டுக்கடையில் தே ஆற்றும் அண்ணன், "முட்ட வெலயக் கொறைக்கச் சொல்லு பாப்பா" என்றார். கை நிற்கவே இல்லை. அதையும் எழுதிக்கொண்டாள்.

அப்புறம் அரிசி வாங்க மினிமார்க்கெட்டுக்குப் போனோம். நல்ல கூட்டம். 2025 ஆகஸ்ட் 31-லிருந்து 18 வயது நிரம்பிய குடிமக்கள் எல்லாருக்கும் மைகார்ட் அடையாள அட்டையில் 100 வெள்ளி (ரிங்கிட்) போட்டார்களே, அதற்குத்தான். எனக்கு முன்னால் ஒரு பாட்டி. கடைக்கு நகல் எடுக்க வருவார், பல வருடப் பழக்கம். அஞ்சு கிலோ அரிசி, ஒரு தட்டு முட்டை, மைலோ. அடகுக்கடையில் கொடுக்கும் அந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். சிவப்பு. நிரந்தரவாசிகளுக்குக் கொடுப்பது; குடிமக்களுக்கு நீலம்.

கல்லாவில் இருந்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாட்டி, இது நீல ஐசிக்கு மட்டும்தான்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள், குறை சொல்ல முடியாது. பாட்டி "தெரியும் ஆயி, சும்மா பாத்தேன்" என்று சொல்லிவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தார். மைலோவை மட்டும் திருப்பி வைத்தார்.

வெளியே வந்ததும் இவள் போய் பாட்டியிடம் கேட்டுவிட்டாள். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது, இந்த நேரத்தில் இந்தக் கேள்வியா என்று. பாட்டி படியில் உட்கார்ந்து கொஞ்சம் யோசித்தார்.

"நாட்டுக்கு என்னா சாமி, அது பாட்டுக்கு இருக்கு. நான் ஒரே ஒரு தடவ ஓட்டுப் போடணும். வெரல்ல அந்த மைய வச்சிக்கிட்டு மாரியம்மன் கோயிலுக்குப் போவணும்."

பாட்டி பிறந்தது 1954, இங்கிருந்து பத்து மைலுக்குள் ஒரு தோட்டத்தில். லயத்திலேயே (தொழிலாளர் வரிசை வீடு) பிரசவம், மருத்துவச்சி பார்த்தது. பிறப்பைப் பதியவேண்டியவர் பதியவில்லை. 31 ஆகஸ்ட் 1957-க்குப் பிறகு இங்கே பிறந்திருந்தால் அந்தக் காலத்துச் சட்டப்படி பிறப்பிலேயே குடியுரிமை. மூன்று வருடம் முந்திப் பிறந்ததால் மனுப் போட்டுத்தான் வாங்கவேண்டும், அதற்கும் இங்கேதான் பிறந்தேன் என்று காட்ட ஒரு தாள் வேண்டும். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்று வந்தபோது இவருடைய அக்கா குடும்பம் பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறிவிட்டது. இவர் இருந்துவிட்டார். செம்பனை வந்து ரப்பர் மரத்தையெல்லாம் தள்ளும்வரை பால் வெட்டியிருக்கிறார்.

மனு எத்தனை தடவை என்று கேட்டேன். நாலு. கடைசித் தடவை நேர்காணலில் தேசிய கீதம் நெகாராகூ பாடச் சொன்னார்களாம். பாடிவிட்டார். தோட்டத்துப் பள்ளிக்கூட வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வருடக்கணக்காகக் கேட்ட பாட்டு. அப்புறம் ஒரு தாளைக் கொடுத்து மலாயில் எழுதச் சொன்னார்கள். "பேனாவ எங்க சாமி புடிச்சேன்? கத்தியக் குடுங்க, மரத்துல கோடு போட்டுக் காட்டுறேன்னு சொல்ல நெனச்சேன். மலாய்ல வரல."

2022 தேர்தலில் பேத்திக்குப் பதினெட்டு. பதிவே செய்யாமல் தானாகப் பட்டியலில் பெயர் வந்துவிட்டது. பாட்டி துணைக்குப் போய், பள்ளி கேட்டுக்கு வெளியே மரத்தடியில் பேத்தியின் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

உங்களுக்கும் இப்படி யாராவது பதில் சொல்லியிருந்தால் எழுதுங்கள். மேடைப் பேச்சு வேண்டாம்.

செம்பனை லாரி

மாமா, எனக்கு டயர் கடைத் தவுக்கே (சீன முதலாளி) ஞாபகம் வருகிறார். குலை ஏற்றிப் போகிற லாரிக்கு டயர் எத்தனை நாள் தாங்கும், மாதம் இரண்டு தடவையாவது அங்கே நிற்பேன். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்த மனுஷன், தமிழ் நம்மைவிட நன்றாகப் பேசுவார். கெட்ட வார்த்தை உட்பட.

ஒரு நாள் கடையில் கொடி கட்டிக்கொண்டிருந்தார். "என்ன தவுக்கே, நாட்டுப் பற்றா" என்று கிண்டல் செய்தேன். ஏணியிலிருந்து இறங்கி, "என் மகன் சிங்கப்பூர்ல டயர் மாத்துறான் தம்பி. இங்க நான் டயர் மாத்துறேன். அதே டயர், அதே ஜேக்கு. அவன் சம்பளத்த வெள்ளியாக்கினா மூணு மடங்கு. எப்படி வரச் சொல்லுவேன்? இந்த நாட்டுல சம்பளம் ஏறணும் லா, அவன் வரணும், இந்தக் கொடிய அவன் கட்டணும், எனக்கு முழங்கால் வலிக்குது" என்றார்.

குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் 900 வெள்ளி, 2022-இல் 1,500, 2025 பிப்ரவரியிலிருந்து 1,700. ஏறித்தான் இருக்கிறது. ஆனால் மகன் அனுப்பும் படத்தைப் பார்க்கும் அப்பனிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

தோட்டப்பள்ளி டீச்சர்

என் பள்ளி எதுவென்று சொல்லமாட்டேன், சொன்னால் நாளைக்கே கூப்பிட்டுவிடுவார்கள். முப்பது பிள்ளைகளுக்கும் குறைவு. சுற்றி செம்பனை. பெற்றோர் எல்லாரும் எப்போதோ டவுன் பக்கம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குப் போய்விட்டார்கள். பள்ளி மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. நிலம் தோட்டக் கம்பெனியுடையது. அதனால் நாங்கள் பகுதி உதவி பெறும் பள்ளி, ஒரு சுவர் கட்டவும் பல பேரைக் கேட்கவேண்டும்.

ஒரு அப்பா தினமும் 14 கிலோமீட்டர் மோட்டாரில் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார். மழை நாளில் இரண்டு பேரும் ஒரே மழைக்கோட்டுக்குள். பிள்ளையின் புத்தகப்பை அப்பாவின் வயிற்றுப் பக்கம், கோட்டுக்குள் துருத்திக்கொண்டு இருக்கும். பெற்றோர் கூட்டத்தில் வேண்டுகோள் ஏதாவது உண்டா என்று தலைமையாசிரியர் கேட்டபோது எழுந்து நின்று, "இந்தப் பள்ளிக்கூடத்த அப்படியே தூக்கி தாமான் பக்கத்துல வச்சிடுங்க சார்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

சிரிக்கவேண்டிய விஷயமும் இல்லை. நம் நாட்டில் எத்தனையோ தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் அப்படி இடம் மாறியிருக்கின்றன. பலகையில் "தோட்டம்" என்று இருக்கும், சுற்றிலும் ஒரு பால்மரம்கூட இருக்காது. நிலத்தை யாராவது எழுதிக் கொடுத்தால்தான் அது நடக்கும்.

நேர்ப்பேச்சு

படித்தேன். எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. நாட்டைப் பற்றிக் கேட்டால் ஆளாளுக்குத் தன் வீட்டுக் கதையைத்தான் சொல்கிறார்கள். என் ஓட்டு, என் மகன், என் பிள்ளையின் பள்ளி. நாடு எங்கே இதில்? இதனால்தான் அரசியல்வாதி வந்து ஆளுக்கொரு அரிசிப்பையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போகிறான். கோபப்படாதீர்கள்.

போட்டோஸ்டாட் மாமா

கோபமில்லை. நாட்டைப் பற்றிப் பொதுவாகச் சொன்னவன் நான் ஒருத்தன்தான். அந்தப் பதிலை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையே குப்பையில் போட்டது.

லிந்தாங் ரோடு

நான் ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பேருந்தில் என் பக்கத்து இருக்கை ஒரு தெமியார் பெண்ணுடையது, லிந்தாங் தாண்டி உள்ளே இருக்கிற ஒராங் அஸ்லி (பூர்வகுடி) கம்பம். அவள் எனக்கு முன்னாலேயே எழுந்து, கம்பத்திலிருந்து மோட்டாரில் வந்து அந்தப் பேருந்தைப் பிடிக்கிறாள். நான் ஐந்து நிமிடம் நடந்து வந்தே தினமும் புலம்புகிறேன்.

ஒரு முறை இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது அரைத் தூக்கத்தில் இதே மாதிரி பேச்சு வந்தது. நான் பிரதமரானால் சனிக்கிழமை வேலையை ஒழிப்பேன் என்றேன். அவள், "எங்கள் தாத்தா நட்ட டுரியான் மரம் எங்களுடையது என்று ஒரு தாளில் எழுதித் தந்தால் போதும்" என்றாள். மலாயில்தான் பேசுவோம், "கெரான்" (நிலப் பத்திரம்) என்று அவள் சொன்ன அந்த ஒரு சொல் மட்டும் எங்கள் வீட்டிலும் புழங்குகிற சொல். எங்கள் அப்பாவுக்கும் அதே ஏக்கம் இருந்தது. மூன்று தலைமுறை இருந்த லய வீடு, தோட்டம் கைமாறியபோது சாமானை எடு என்றுவிட்டார்கள். கொல்லையில் இருந்த முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டே லாரியில் ஏறினார். தோட்டத்து வீட்டுக்கு ஏது கெரான்.

அவளிடம் அதைச் சொன்னேன். அதற்குள் தூங்கிவிட்டாள்.

பழைய கணக்கு

ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) பேசுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நேர்ப்பேச்சு தம்பி, இவர்கள் கேட்பதை வரிசையாக வைத்துப் பாருங்கள். பாட்டிக்கு நீல அட்டை, டீச்சருக்குப் பள்ளி நிலத்துக்கு ஒரு பத்திரம், அந்தப் பெண்ணுக்குக் கெரான். எல்லாம் தாள். பணம் கேட்டது தவுக்கே ஒருத்தர்தான், அதுவும் மகனுக்காக. நான் முப்பது வருடம் தோட்டத்து ஆபீசில் தாள் எழுதியவன். அதில் ஒரு பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பாட்டியின் பிறப்பைப் பதியாமல் விட்டவர் என்னைப் போல ஒரு கிராணியாகத்தான் இருந்திருப்பார்.

இன்னொன்று. மலாயாவில் அடையாள அட்டை என்பதே 1948-இல் அவசரகாலத்தோடு வந்தது. அந்த ஜூன் 16-ஆம் தேதி நம் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள், அதிலிருந்துதான் எல்லாம். இந்த ஊரில் வெடித்த துப்பாக்கியால் நாடு முழுக்கச் சட்டைப்பையில் அட்டை ஏறியது. அதே ஊரில் பிறந்த கிழவிக்கு எழுபது வயதாகியும் சரியான அட்டை இல்லை!

என் அப்பாவும் ஒரு தாள் வைத்திருந்தார். 1960-இல் நம் ஊர்க்காரரான துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலம் அது. பாட்டாளிகளே பணம் போட்டுத் தோட்டம் வாங்கலாம் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். அப்பா பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி 100 வெள்ளிப் பங்கு எடுத்தார். பத்து வெள்ளி அப்போது சின்னக் காசில்லை. அந்தப் பங்குப் பத்திரத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். வருடா வருடம் பொங்கலுக்குச் சாமி படம் துடைக்கும்போது அதையும் துடைப்பார். எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது, ஆனால் எந்த மூலையில் தன் பெயர் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவார்.

நேர்ப்பேச்சு

சரி ஐயா, பாட்டி விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். அரிசிப்பை விஷயத்தில் மாட்டேன்.

போட்டோஸ்டாட் மாமா

வீட்டுப்பாடம் என்ன ஆனது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். முட்டையில் இரண்டு வரி, பாட்டிக்கு ஒன்றரைப் பக்கம். மூன்றாவது ஆளாகத் தன் அம்மாவைப் போட்டிருந்தாள், "அம்மா வேலையாக இருந்தார், பிறகு சொல்வதாகச் சொன்னார்" என்று ஒரே வரி. அக்காவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

இப்போது வேறு விஷயம். கிராணி ஐயா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று பாட்டியைக் கடைக்குக் கூப்பிட்டு, அந்த உறையில் இருந்ததையெல்லாம் மேசையில் பரப்பினேன். பழைய மனுக்களின் நகல், கோயில் ரசீது, ஒரு சம்பளச் சீட்டு, மாப்பிள்ளையின் இறப்புப் பத்திரம். ஐந்தாவது மனு எழுதலாம் என்று இருக்கிறோம். அந்தத் தோட்டத்தில்தான் பிறந்தார் என்று சத்தியப்பிரமாணம் செய்யக்கூடிய, பாட்டியைவிட மூத்தவர் யாராவது கிடைத்தால் பலமாக இருக்கும். எண்பது தாண்டியிருக்க வேண்டும், நினைவு தெளிவாக இருக்க வேண்டும். 1954 வாக்கில் ஜாலோங் பக்கத்துத் தோட்டங்களில் இருந்தவர்கள் உங்கள் வீட்டில் யாராவது உண்டா? தோட்டத்தின் பெயரைத் தனியாகச் சொல்கிறேன்.

செம்பனை லாரி

மாமா, எங்கள் பெரியப்பாவுக்கு 84. அந்தப் பக்கம்தான் பிறந்து வளர்ந்தவர். எந்த லயத்தில் எந்த வீட்டில் யார் இருந்தார் என்று இப்போதும் நம்பர் போட்டுச் சொல்வார். காது மட்டும் மந்தம், போனில் வேலைக்காகாது. ஞாயிற்றுக்கிழமை பாட்டியைக் கூட்டிக்கொண்டு நேராக வந்துவிடுங்கள். பாட்டியுடைய அம்மா பெயர் என்ன, எந்த நிரையில் பால் வெட்டினார் என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அங்கேயிருந்து பெரியப்பா பிடித்துக்கொள்வார்.