விற்பனைக் குழுவுக்கு எந்த மென்பொருள்? வெள்ளிக்கிழமைக்குள் முடிவெடுக்க வேண்டும், உதவுங்கள்

நெல்லரவை_மன்னை (திங்கள், காலை 8.40)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் விற்பனைக் குழு வாடிக்கையாளர்களைத் தொடர்ந்து தொடர்புகொள்வதற்கு மென்பொருள் ஒன்று வாங்க வேண்டியிருக்கிறது. மூன்று நிறுவனங்களின் டெமோ பார்த்தோம். மூன்றும் நன்றாக இருப்பதுபோலவே தெரிவதால் எதை எடுப்பது என்று புரியவில்லை. தை பிறந்து அறுவடையும் தொடங்கிவிட்டபடியால் வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லுமாறு முதலாளி கேட்கிறார். மின்னஞ்சல், வாட்ஸ்அப் இரண்டிலும் செய்திகள் தானாகவே போக வேண்டும். அனுபவப்பட்டவர்கள் ஒரே ஒரு பெயரைச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

குடந்தைக் கணக்கர் (திங்கள், காலை 9.05)

பெயர் சொல்வதற்கு முன்பு சில விவரங்கள் தேவை. என்ன பொருள் விற்கிறீர்கள்? குழுவில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் அலுவலகத்தில், எத்தனை பேர் வெளியில்? ஏற்கெனவே வாங்குபவர்களைத் தொடர்வதா, புதியவர்களைப் பிடிப்பதா? இப்போது வாடிக்கையாளர் பட்டியல் எங்கே இருக்கிறது, கணினியிலா, நோட்டிலா, ஆளாளுக்கு அவரவர் கைபேசியிலா?

வெண்ணாற்றுவாசி (மூத்த உறுப்பினர்) (திங்கள், காலை 9.30)

தம்பி, இந்தக் கேள்வியை மாதம் ஒருவர் இங்கே கேட்கிறார். பழைய இழைகளைப் படித்திருந்தால் கேட்டிருக்க மாட்டீர்கள். நான் 20 ஆண்டுகளுக்கு மேலாகப் பம்புசெட்டு விற்பனையில் இருக்கிறேன், ஒரே ஒரு எக்செல் தாளில்தான் என் கடை ஓடுகிறது. காலை 9 மணிக்கு அந்தத் தாளைத் திறந்து வரிசையாகப் பத்துப் பேருக்குப் பேசும் ஒழுங்கு இருந்தால் மென்பொருளே வேண்டாம். அந்த ஒழுங்கு இல்லாதவருக்கு எதை வாங்கிக் கொடுத்தாலும் ஆறு மாதத்தில் அது தூசி படிந்து கிடக்கும். ஆகவே முதலில் எக்செல் கற்றுக்கொள்ளுங்கள்.

நாகை ஏற்றுமதி (திங்கள், காலை 10.15)

எங்களுக்கு மின்னஞ்சல் தொடர்வரிசைதான் சோறு போடுகிறது. இறால் வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு முதல் மடல், ஐந்து நாள் கழித்து விலைப்பட்டியல், பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல் என்று அமைத்திருக்கிறோம். பதில் வந்துவிட்டால் வரிசை தானாகவே நின்றுவிடும். ஃப்ரெஷ்சேல்ஸ், ஹப்ஸ்பாட் இரண்டிலும் இந்த வசதி உண்டு. ஆனால் ஹப்ஸ்பாட்டில் உயர்நிலைத் திட்டம் எடுத்தால்தான் கிடைக்கும் என்பதை டெமோவிலேயே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அவுட்ரீச், சேல்ஸ்லாஃப்ட் போன்றவை பெரிய அமெரிக்க விற்பனைக் குழுக்களை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை, நம் அளவுக்கு அவை தேவையில்லை.

பொன்னிமகள் (திங்கள், முற்பகல் 11.20)

தஞ்சாவூரில் சிறு நிறுவனங்களுக்கு இத்தகைய மென்பொருள்களை அமைத்துக் கொடுக்கும் பணியில் இருப்பதால் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். உங்கள் மடல்கள் சொந்த இணைய முகவரியிலிருந்து போகின்றனவா, இலவச ஜிமெயிலிலிருந்தா? வாட்ஸ்அப் அனுப்புவது சாதாரண பிசினஸ் செயலியிலிருந்தா, மென்பொருளையே வாட்ஸ்அப்போடு இணைக்கும் ஏபிஐ வழியாகவா? இந்த விடைகள் தெரியாமல் பெயர் சொல்வது பொறுப்பாகாது.

வெண்ணாற்றுவாசி (திங்கள், பிற்பகல் 3.10)

கேட்டவர் போய்விட்டார் என்று நினைக்கிறேன். வழக்கம்தான்.

நெல்லரவை_மன்னை (திங்கள், இரவு 10.25)

மன்னிக்கவும், பகல் முழுதும் நீடாமங்கலம் பக்கம் ஆலைகளில் இருந்தேன். அரிசி ஆலைகளுக்கு ரப்பர் ரோல், சல்லடை, எலிவேட்டர் பெல்ட் ஆகியவை விற்கிறோம். நாங்கள் ஏழு பேர், இருவர் தொலைபேசியில், ஐவர் இருசக்கர வாகனத்தில். வாடிக்கையாளர்கள் டெல்டாவிலும் ஆரணி, காங்கேயம் பக்கமும் சேர்த்து 640 பேர் இருப்பார்கள், அவரவர் நோட்டிலும் கைபேசியிலும் சிதறிக் கிடக்கிறார்கள். மின்னஞ்சல் இலவச ஜிமெயில்தான்.

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஒரு தரகரிடம் 9,000 ஆலை எண்கள் கொண்ட பட்டியலை விலைக்கு வாங்கி, மொத்தமாக வாட்ஸ்அப் அனுப்பும் கருவி ஒன்றில் ஏற்றினோம். மூன்றாம் நாள் எங்கள் எண் முடங்கிவிட்டது. அது 14 ஆண்டுகளாக எங்கள் ரசீதுப் புத்தகத்தில் அச்சிட்ட எண். இப்போது ஆலைக்காரர்கள் படம் அனுப்பினால் எங்களுக்கு வருவதில்லை. அதனால்தான் இந்த அவசரம்.

பொன்னிமகள் (செவ்வாய், காலை 7.50)

இதைச் சொன்னதற்கு நன்றி. அந்த 9,000 எண்களை முதலில் அழித்துவிடுங்கள். எந்த மென்பொருளை வாங்கினாலும் அந்தப் பட்டியலை அதில் ஏற்றினால் அடுத்த எண்ணையும் இழப்பீர்கள்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்கலாம், அதிலும் உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஏபிஐ வழியாகத்தான் போக வேண்டும். அங்கே பெறுபவரின் சம்மதம் வேண்டும், நாமாகத் தொடங்கி அனுப்பும் வாசகத்துக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். 2025 ஜூலை முதல் நாளிலிருந்து அத்தகைய செய்தி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கட்டணம், விளம்பர வகைக்கு அது கூடுதல். வாடிக்கையாளரே முதலில் எழுதினால் 24 மணி நேரத்துக்கு அந்த ஒப்புதல் பெற்ற வாசகம் இல்லாமல் இயல்பாகப் பதில் எழுதலாம். உங்கள் ஆலைக்காரர்கள் தேய்ந்த ரோலைப் படமெடுத்து அனுப்பும் பழக்கம் உள்ளவர்கள் என்பதால் அந்த 24 மணி நேரம் உங்களுக்குப் பெரிய வாய்ப்பு.

குறுஞ்செய்தி அனுப்புவதாக இருந்தால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி நிறுவனம், அனுப்புநர் தலைப்பு, வாசகம் மூன்றையும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இதற்கென நடத்தும் டிஎல்டி தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்யாமல் சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து மொத்தமாக விளம்பர அழைப்பு விடுப்போரின் இணைப்புகளைத் துண்டித்து இரண்டு ஆண்டுகள் வரை கருப்புப் பட்டியலில் வைக்குமாறு 2024 ஆகஸ்டில் டிராய் உத்தரவிட்டிருக்கிறது. ஒருவரின் தனிப்பட்ட எண்ணை எந்த உரிமையில் வைத்திருக்கிறோம் என்ற கேள்வி 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தாலும் எழுகிறது. தரகர் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வரமாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நாகை ஏற்றுமதி (செவ்வாய், காலை 9.00)

மின்னஞ்சல் பக்கமும் ஒரு சொல். இலவச ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுப்ப முடியும், விலைப்புள்ளி அனுப்பும் நிறுவனத்துக்கு அது அழகும் அல்ல. சொந்த முகவரி வாங்கி, மடல் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் அமைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர்க்கு ஜிமெயில் இவற்றை 2024 பிப்ரவரியிலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறது. நீங்கள் அந்த அளவை எட்டப் போவதில்லை என்றாலும், இவை இருந்தால் மடல் குப்பைப் பெட்டிக்குப் போகும் வாய்ப்புக் குறையும்.

வெண்ணாற்றுவாசி (செவ்வாய், காலை 9.40)

அம்மா, அரிசி ஆலை முதலாளி மின்னஞ்சல் பார்ப்பார் என்று நம்புகிறீர்களா? இறால் வாங்கும் வெளிநாட்டுக்காரரும் அம்மாப்பேட்டை ஆலைக்காரரும் ஒன்றல்லர்.

நாகை ஏற்றுமதி (செவ்வாய், காலை 10.05)

முதலாளி பார்க்கமாட்டார், ஆனால் அவருடைய கணக்குப்பிள்ளை பார்ப்பார். விலைப்புள்ளியும் ஜிஎஸ்டி பில்லும் அவருக்கு மின்னஞ்சலில் கிடைத்தால்தான் பணம் நகரும். விற்பது ஆலை வாசலில் என்றாலும் பணம் வருவது அவர் மேசையிலிருந்து. இருவரையும் ஒரே வாடிக்கையாளர் பக்கத்தில் தனித்தனியே பதிவு செய்ய இடம் தரும் மென்பொருளாகப் பாருங்கள் என்பதுதான் என் கருத்து.

குடந்தைக் கணக்கர் (செவ்வாய், பகல் 12.30)

ரப்பர் ரோல் என்று சொன்னபிறகு எனக்கு வழி தெளிவாகிறது. என் சித்தப்பா வலங்கைமான் பக்கம் சிறிய ஆலை நடத்துகிறார், விடுமுறைகளில் அங்கேதான் வளர்ந்தேன். உமி நீக்கும் எந்திரத்தில் இரண்டு ரோல்கள் எதிரெதிராகச் சுற்றும், ஒன்று வேகமாக, மற்றொன்று சற்று மெதுவாக. அந்த வேக வித்தியாசத்தால் உண்டாகும் உராய்வில்தான் உமி கழல்கிறது. வேகமாகச் சுற்றுவது முதலில் தேயும் என்பதால் மேஸ்திரி இரண்டையும் இடம் மாற்றிப் போடுவார். பிறகு ஒரு நாள் வாய்க்கடியில் கையை நீட்டி ஒரு பிடி அரிசியை எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, உமி நீங்காத நெல்மணிகளை விரலால் ஒதுக்கி எண்ணுவார். எண்ணிக்கை கூடினால் "ரோல் முடிஞ்சுது, சொல்லி விடுங்க" என்பார். அந்தச் சொல் வாயிலிருந்து வரும் நாளில் யாருடைய ஆள் ஆலை வாசலில் நிற்கிறாரோ, விற்பனை அவருக்குத்தான்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது மூன்று நாள், ஐந்து நாள் என்று ஓடும் பொது வரிசை அல்ல. ஒவ்வோர் ஆலைக்கும் கடைசியாக ரோல் மாற்றிய தேதி, அளவு, ஆலை ஒரு ஷிப்டா இரண்டா ஓடுகிறது என்ற மூன்றையும் எழுதி வைத்து, அடுத்து மாற்றும் நாளுக்குப் பத்து நாள் முன்பாக உரிய விற்பனையாளரின் கைபேசியில் நினைவூட்டும் வசதிதான் வேண்டும். சம்பா நெல் வந்து ஆலை இரவு பகலாக ஓடும் மாதங்களில் அந்த இடைவெளி சுருங்கும். மேட்டூரில் தண்ணீர் திறப்பது 2024இல் ஜூன் 12க்குப் பதிலாக ஜூலை 28க்குத் தள்ளிப்போனதே, அதுபோன்ற ஆண்டில் நாள்கள் மொத்தமாக இடம் மாறும். தேதிகளைக் கூட்டமாகத் தேர்ந்தெடுத்துத் தள்ளி வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். டெமோவைக் கணினித் திரையில் பார்க்க வேண்டாம், அவர்களுடைய கைபேசியில் செய்து காட்டச் சொல்லுங்கள்.

திருவாரூர்_களப்பணி (செவ்வாய், இரவு 8.15)

நான் விற்பனை மேலாளர் அல்லன், வண்டியில் சுற்றும் ஆள். எங்கள் நிறுவனத்தில் வாங்கிய செயலியில் ஒரு சந்திப்பைப் பதிவு செய்யப் பதினான்கு கட்டங்களை நிரப்ப வேண்டும். பேரளம் தாண்டி உள்ளே போனால் சிக்னலும் இருக்காது. இரவு வீட்டில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதுகிறோம், அதில் பாதி தவறு. சிக்னல் இல்லாதபோதும் எழுத முடிகிறதா, ஒரு நிமிடத்துக்குள் பதிவு முடிகிறதா என்ற இரண்டையும் ஐந்து களப்பணியாளர்களில் ஒருவர் கையில் கொடுத்துச் சோதியுங்கள். தயவுசெய்து இருப்பிடம் கண்காணிக்கும் வசதியைப் பார்த்து வாங்காதீர்கள்.

வெண்ணாற்றுவாசி (செவ்வாய், இரவு 8.50)

சம்பளம் கொடுப்பவனுக்கு ஆள் எங்கே இருக்கிறான் என்று தெரியக்கூடாதா? போன ஆண்டு என்னிடமிருந்து விலகிய ஒருவர் 80 வாடிக்கையாளர்களையும் தம்முடன் கொண்டுபோய்விட்டார். கண்காணிப்பு இருந்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

திருவாரூர்_களப்பணி (செவ்வாய், இரவு 9.20)

ஐயா, உங்கள் இழப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் எங்கே நின்றார் என்பது தெரிந்திருந்தாலும் அந்த 80 பேர் போயிருப்பார்கள், ஏனென்றால் அவர்களுடைய எண்கள் அவருடைய சொந்த சிம்மில் இருந்தன. நான் ஆலை வாசலில் அரை மணி நேரம் நின்றேன் என்று வரைபடம் சொல்லும், உள்ளே மேஸ்திரி என்ன சொன்னார் என்பதை நான்தான் சொல்ல வேண்டும். என்னை நம்பாத செயலியில் அதை மனமுவந்து எழுத எனக்குக் கை வராது.

பொன்னிமகள் (செவ்வாய், இரவு 9.45)

இருவர் சொல்வதிலும் ஒரு பொது வழி இருக்கிறது. ஐவருக்கும் நிறுவனத்தின் பெயரில் சிம் வாங்கிக் கொடுங்கள், பேசுவதும் வாட்ஸ்அப்பும் அதில்தான் என்று வையுங்கள். ஆள் மாறினாலும் எண் இருக்கும்.

பெயர் கேட்டீர்கள். 640 பேர், ஏழு பயனர்கள், கைபேசியே முதன்மை என்பதால் சிறு நிறுவனங்களுக்காக 2020இல் வந்த ஜோஹோவின் பிகின் உங்களுக்குப் போதும் என்பது என் கருத்து. தொலைபேசியில் பேசும் இருவருக்கும் தொடர்வரிசை வேண்டுமென்றால் ஃப்ரெஷ்சேல்ஸ். முதலில் பழகிப் பார்க்க நினைத்தால் அதே நிறுவனத்தின் பெரிய மென்பொருளான ஜோஹோ சிஆர்எம் மூன்று பயனர்கள் வரை இலவசம். ஆண்டுக் கட்டணம் உடனே கட்டாதீர்கள், 18 விழுக்காடு ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள், தரவு முழுவதையும் எக்செல்லாக வெளியே எடுக்க முடிகிறதா என்பதை முதல் நாளே செய்து பாருங்கள். வெளிநாட்டுத் தரவுத்தளங்களோடு வரும் அப்பல்லோ போன்ற விற்பனை மென்பொருள்களில் வலங்கைமான் மேஸ்திரியின் எண் கிடைக்காது.

வெண்ணாற்றுவாசி (புதன், காலை 6.30)

சிம் யோசனை சரிதான், எனக்குத் தோன்றவில்லை. இருப்பிடம் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. எக்செல்லில் 640 வரிகளையும் ஒழுங்காகத் தட்டச்சு செய்த பிறகே எதிலும் ஏற்ற வேண்டும் என்பதையும் மறுபடி சொல்கிறேன். ஒரே ஆலை மூன்று பெயரில் மூன்று நோட்டில் இருக்கும்.

குடந்தைக் கணக்கர் (வியாழன், காலை 10.00)

மன்னை நண்பரே, டெமோ பார்த்தீர்களா? நாளை வெள்ளி.

நெல்லரவை_மன்னை (வியாழன், இரவு 11.10)

அனைவருக்கும் நன்றி. 9,000 எண்கள் பட்டியலை அழித்துவிட்டோம். கைபேசியில் செய்து காட்டச் சொன்னபோது மூன்றில் இரண்டு நிறுவனத்தார் பிறகு வருவதாகச் சொல்லிவிட்டனர். மூன்றாவது பிகின்தான். ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்து, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி வழிகளில் போகும் இருவரை வைத்துத் தொடங்குகிறோம். நோட்டுகளைச் சேர்த்துத் தட்டச்சு செய்ததில் 640 என்று நினைத்தது 512தான். சிம்களுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். பழைய எண் முடங்கியதை இருவரும் ஆலை ஆலையாக நேரில் போய்ச் சொல்லி, ரசீதுப் புத்தகத்தில் புதிய எண் முத்திரை குத்திக் கொடுத்து வருகிறார்கள். காலை 6 மணிக்கு வண்டி ஏற வேண்டும், பிறகு எழுதுகிறேன்.

திருவாரூர்_களப்பணி (வெள்ளி, காலை 7.05)

சிக்னல் இல்லாத இடத்தில் பதிவு ஏறுகிறதா என்று மட்டும் எழுதுங்கள். எங்கள் மேலாளரிடம் காட்ட வேண்டும்.